ரேகை முளைக்கிற அஞ்சு நாள்

தபால்காரர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் செவந்தி செய்த முதல் காரியம், கை கழுவ உட்கார்ந்ததுதான்.

சும்மா கழுவலா அது? செங்கல்லை இடித்துத் தூளாக்கினாள். அடுப்புச் சாம்பலை அள்ளி வந்தாள். தேங்காய் நாரும் அரை எலுமிச்சம்பழமும் வாசல் கல்லில் வந்து சேர்ந்தன. அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்தாள்.

"அம்மா, போதும்மா. ரத்தம் வந்துரும்" என்றாள் மகள் பிரகதீஸ்வரி. புதுக்கோட்டையில் காலேஜ் இரண்டாம் வருசம் படிக்கிறவள், ஊரடங்கில் வீட்டோடு இருந்தாள்.

"ஒனக்கு என்னடி தெரியும். அரசாங்கத்து மெஷினுல வைக்கிற கை. கரிக்கட்டை மாதிரியா கொண்டுபோய் வைக்கச் சொல்ற?"

ஒரு மாதமாக அவள் கை கரிக்கட்டையாகத்தான் இருந்தது. மற்ற வருசங்களில் முந்திரிக் கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்து, அப்படியே மூட்டையாக வியாபாரியிடம் எடைபோட்டு விடுவார்கள். உடைக்கிற வேலை கூலிக்கு உடைக்கிற பெண்களுக்கு. இந்த வருசம் வியாபாரியின் வண்டி ஆதனக்கோட்டையைத் தாண்டவில்லை. கொட்டை வீட்டில் குவிந்தது. செவந்தி தானே வறுத்து, கட்டையால் தட்டி உடைத்து, பருப்பை அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கால் கிலோ, அரை கிலோவாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் சும்மா விடாது. பட்ட இடத்தைப் பொசுக்கும். தோல் கறுத்து, காய்ந்து, வெங்காயச் சருகு போல உரியும்.

பிரகதியின் போனுக்கு முந்தின நாள் மத்தியானம் மெசேஜ் வந்திருந்தது. விவசாயிகளுக்கு வருகிற ரெண்டாயிரம், நோய்க் காலம் என்று முன்கூட்டியே கணக்கில் ஏறிவிட்டது. நிலம் செவந்தியின் அப்பா அவள் பேருக்கு எழுதிக்கொடுத்தது. பட்டாவும் அவள் பேர், கணக்கும் அவள் பேர். ஏறின பணத்தை எடுப்பதுதான் எப்படி என்று தெரியவில்லை. கறம்பக்குடியில் அவள் கணக்கு வைத்திருக்கிற பேங்கில் யாருக்கோ காய்ச்சல் என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். அப்போதுதான் செய்தி வந்தது: தபால்காரர் ஆத்மநாதன் ஒரு மெஷின் வைத்திருக்கிறாராம். விரலை வைத்தால் எந்த பேங்குப் பணமும் வாசலிலேயே கைக்கு வந்துவிடுமாம்.

செவந்தியின் கணவன் நல்லதம்பி அதைக் கேட்டதிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கும் கொல்லைக்கும் பத்து தடவை நடந்துவிட்டான். கொல்லையில் ஒன்றரை ஏக்கர் கடலை. நாற்பத்தைந்து நாள் பயிர். பூ உதிர்ந்து விழுது இறங்குகிற நேரம். மேலே பூத்து மண்ணுக்குள்ளே போய்க் காய்க்கிற பயிருக்கு அந்த ஒரு வாரம்தான் உயிர். மண் இளகி இருந்தால் விழுது இறங்கும். இறுகினால் ஊசி மாதிரி வெளியிலேயே நின்று காய்ந்துபோகும். அந்த நேரம் பார்த்துப் போர் மோட்டார் புகைந்துவிட்டது. ஊர் ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிக் குழாயை உருவி மோட்டாரை மேலே எடுத்து, கறம்பக்குடி மோட்டார் மெக்கானிக் நிலவழகனிடம் கொண்டுபோய்ப் போட்டார்கள். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக் கொட்டகையில் ரகசியமாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தான் அவன்.

"அண்ணே, என் கூலிய கடல பறிச்சுட்டுக் குடுங்க. செம்புக் கம்பிக்காரன்தான் கைக்காசு கேக்குறான். ரெண்டாயிரம் இருந்தா ரெண்டே நாள்ல ஓட்டி விட்டுருவேன்" என்றிருந்தான் நிலவழகன்.

ரெண்டாயிரம். அளந்து வெட்டின மாதிரி அதே ரெண்டாயிரம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. பதினொரு மணிக்கு ஆத்மநாதன் வண்டியை வேப்பமரத்து நிழலில் நிறுத்தினார். முகத்தில் காக்கித் துணி. தோளில் பை. வேலிக்கு அந்தப்பக்கம் இன்னாசியம்மாள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயசு, தனிக்கட்டை, மகன் குவைத்தில்.

"என்ன தபாலு, பொண்ணு பாக்கவா வந்திருக்கீரு? காலையிலேருந்து அவ கைய வெளக்கிக்கிட்டு இருக்கா!"

"வாங்கக்கா, நீங்களும் பாருங்க" என்று செவந்தி சிரித்தாள்.

ஆத்மநாதன் சானிடைசரை அவள் கையில் அடித்தார். "ஆத்தாடி!" என்று துள்ளினாள். தேய்த்த இடமெல்லாம் தீயாக எரிந்தது. தீப்பெட்டி அளவு மெஷின். போனிலிருந்து ஒயர் போனது. அதன் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம்.

"வலது கட்டை விரல வை, தங்கச்சி."

வைத்தாள். போன் 'கீ' என்றது.

"படிக்கல. இன்னொருக்கா."

"அமுக்கி வை புள்ள" என்றான் நல்லதம்பி பின்னாலிருந்து.

'கீ.'

"அமுக்காத. லேசா வை."

"ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க!"

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். வலது முடிந்து இடது. பத்து விரலுக்கும் பத்து 'கீ'. நல்லதம்பி தன் கட்டை விரலை மெல்ல நீட்டினான்.

"ஏண்ணே, நான் வச்சா? புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன வேத்தும?"

"நீ வச்சா ஒனக்கு ரெண்டாயிரமும் வராது, எனக்கு வேலையும் இருக்காது. அங்கிட்டுப் போ."

ஆத்மநாதன் அவள் கையைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தார். விரல் நுனிகள் உரித்த முட்டை போலப் பளபளத்தன. அவர் முகத்துத் துணியை இறக்கிவிட்டுத் தலையிலடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி பண்ணி வச்சிருக்க? கறுப்பா இருந்தாக்கூட ஒண்ணு ரெண்டு படிச்சிருக்குமே. தேச்சுத் தேச்சுக் கண்ணாடியாக்கிப்புட்டியே! ஒரு கோடு இல்லையே!"

செவந்தி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரசாங்கத்துக்கு அழுக்குக் கை காட்டக் கூடாது என்று, இருந்த ரேகையையும் தன் கையாலேயே அழித்துவிட்டாள். நல்லதம்பி கத்துவான் என்று நினைத்தாள். அவன் ஆத்மநாதனைத்தான் கேட்டான்.

"திரும்ப மொளைக்குமாண்ணே?"

"மொளைக்கும். தோலுதானே. அஞ்சு நாள் கைய வேலைக்கே விடக்கூடாது. தண்ணி, சாம்பலு, சோப்பு, கொட்டை எதுவும் படக்கூடாது. ராவும் பகலும் தேங்காண்ணெ தடவு. வியாழக்கெழம இங்கிட்டுத்தான் வாரேன்."

நல்லதம்பி நேரே கொல்லைக்கு ஓடினான். மண்ணைக் கீறிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"அடுத்த சனி வரைக்கும் தாங்கும். வியாழக்கெழம பணம், சனிக்கெழம தண்ணி. செவந்தி, இன்னையிலேருந்து ஒன் கை ஒன் கை இல்ல. கடலயோட கை."

அன்றிலிருந்து அந்த வீடு தலைகீழானது. இருபது வருசக் குடும்பத்தில் செவந்தி ஒரு நாள் கூடக் கையைக் கட்டி உட்கார்ந்ததில்லை. பிரகதியைப் பெற்ற மூன்றாம் நாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவள். இப்போது இரண்டு கையிலும் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைப் பையாகத் தைத்து மாட்டிக்கொண்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு அரித்தால் பிரகதியைக் கூப்பிட வேண்டும். தலை பின்னவும் பிரகதிதான்.

நல்லதம்பி சமைத்தான். ஞாயிற்றுக்கிழமை வைத்த ரசத்தில் புளி இருந்தது, உப்பு இல்லை. திங்கட்கிழமை உப்பு மட்டும்தான் இருந்தது. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன் என்று கருவாட்டை அலசாமல் போட்டு, வாய்க்கு வாய் மணல் கடிபட்டது. ஆனால் ஊட்டும்போது மட்டும் அவன் கை அத்தனை பக்குவமாக இருந்தது. சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, ஊதி, வாயருகே கொண்டுபோவான். செவந்தி வேறெங்கோ பார்த்துக்கொண்டு வாங்குவாள். மகள் முன்னால் வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவில் கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

"பாருடி, பாரு! நாப்பது வயசுல மறுவீடு வந்த பொண்ணு கணக்கா ஒக்காந்து தின்னுறா" என்று வேலிக்கு அப்பாலிருந்து இன்னாசியம்மாளின் குரல் வரும். கூடவே டொக் டொக்கென்று கட்டைச் சத்தமும். "அடேய் நல்லதம்பி, காலையும் அமுக்கி விடு. காலு ரேகையும் கேட்டாலும் கேப்பாங்க."

"ஒங்களுக்குப் பொறாமக்கா!"

"இருக்காதா பின்ன? கெழவன் இருந்த வரைக்கும் எனக்கு ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. அந்த மகராசன் எனக்குக் குடுத்ததெல்லாம் வேலதான்."

காலையில் எழுந்ததும் விரல் பார்ப்பதுதான் வீட்டின் முதல் வேலையானது. நல்லதம்பி துணிப் பையைக் கழற்றி, அவள் கையை மடியில் வைத்து, டார்ச் அடித்துக் குனிவான். விதை போட்ட மூன்றாம் நாள் பாத்தியைக் குனிந்து பார்ப்பானே, அதே பார்வை. பிரகதி போனில் படம் எடுத்து விரலால் இழுத்துப் பெரிதாக்குவாள். ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை காலை பிரகதி போட்ட கூச்சலில் ஆடு மிரண்டு முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டது.

"அப்பா! கோடு! எடது மோதிர விரல்ல கோடு வந்துருச்சுப்பா!"

மூன்று தலைகளும் போன் மேல் முட்டிக்கொண்டன. உழுது பரம்படித்த நிலத்தில் வெயில் சாய்ந்து விழும்போது தெரிகிற படைச்சால் கோடு போல, நுனியில் மெல்லிசாக வளைந்து வளைந்து ஏழெட்டு வரிகள். தன் விரலுக்குள் இப்படி ஒரு வயல் இருக்கிறதென்று செவந்தி அன்றைக்குத்தான் பார்த்தாள். தன்னுடையது மட்டும்தானா, எல்லாருக்கும் இப்படி இருக்குமா என்று கேட்டாள்.

"ஒலகத்துல ஒருத்தருக்கு இருக்கிற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காதும்மா."

"அப்படியா? இத்தன நாளு தெரியாம சட்டி கழுவிக்கிட்டு இருந்திருக்கேனே."

புதன்கிழமை மத்தியானம் மேற்கே கறுத்தது. திடீரென்று காற்று சுழற்றியது. முந்திரி மரங்கள் தலைவிரித்து ஆடின. பழமும் கொட்டையுமாகப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. வாசலில் தார்ப்பாயில் இரண்டு மூட்டைக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். நல்லதம்பியும் பிரகதியும் ஓடினார்கள். செவந்தியும் ஓடினாள்.

"ஏய், கைய எடு! தொடாத!"

"நான் எங்க தொட்டேன்!"

இரண்டு கையையும் சரணடைகிற மாதிரி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காலால் கொட்டையைக் கூட்டினாள். தார்ப்பாய் முனை பறந்தது. ஓடிப்போய் அதன் மேல் உட்கார்ந்தாள். இன்னொரு முனை பறந்தபோது குனிந்து பல்லால் கடித்துப் பிடித்தாள். வேலிக்கு அப்பால் இன்னாசியம்மாள் தன் கொட்டையை அள்ளுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மழை பத்துச் சொட்டுப் போட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டது.

நல்லதம்பி கொல்லைக்குப் போனான். பின்னாலேயே செவந்தியும் போனாள். மண்ணில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. அவன் ஒரு செடியைச் சாய்த்துக் காட்டினான். கீழ்க் கணுவிலிருந்து விழுதுகள் இறங்கி, மண்ணைத் தொட்டு, உள்ளே போக முடியாமல் முனை வளைந்து நின்றன. குச்சியால் கீறினான். நகக்கண் ஆழத்துக்குத்தான் ஈரம்.

"எறங்க எடந் தேடுது பாரு" என்றான். செவந்தி இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆத்மநாதன் வந்தபோது வீட்டில் சிக்னல் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். பிரகதி, "கொல்லையில போர் மேட்டுல எடுக்கும் சார்!" என்றாள். எல்லாரும் கொல்லைக்கு ஓடினார்கள். இன்னாசியம்மாளும் கட்டையைப் போட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றாள்.

போர்க் குழாய் வாயில் சாக்குக் கட்டிக் கிடந்தது. அதன் பக்கத்து மேட்டில் செவந்தி உட்கார்ந்தாள். நல்லதம்பி துணிப் பையை அவிழ்த்தான்.

"சானிடைசர் வேணாம்ணே, அழிஞ்சிரும்" என்றாள் செவந்தி.

"அழியாது. சரி, துணியால தொட, எண்ணெ இருந்தாலும் படிக்காது. எந்த விரலு?"

மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எடது மோதிர விரலு!"

சிவப்பு வெளிச்சத்தில் விரலை வைத்தாள். போன் 'கீ' என்றது.

"பதறாத. இன்னொருக்கா. மூச்சப் புடிக்காத தங்கச்சி, விரலு வெறைக்குது."

'கீ.'

நல்லதம்பி திரும்பிக் கடலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். செவந்தி விரலை எடுத்து வாயருகே கொண்டுபோய், குழந்தைக்குச் சோறு ஊதுவதுபோல மெல்ல ஊதினாள். பிறகு அமுக்காமல், லேசாகவும் வைக்காமல், தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல வைத்தாள்.

போன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"சர்வருக்குப் போகுது" என்றார் ஆத்மநாதன். "போகுது... போகுது..."

'டிங்' என்றது.

"வந்துருச்சு!"

பிரகதி குதித்த குதியில் செருப்பு ஒன்று பாத்திக்குள் பறந்தது. நல்லதம்பி ஆத்மநாதனைக் கட்டிப்பிடிக்கப் போனான். அவர், "தள்ளி நில்லுய்யா, கொரோனா!" என்று கத்திக்கொண்டே சிரித்தார். நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை எண்ணி செவந்தியின் கையில் வைத்தார். மெஷினை விட்டால், ஐந்து நாளுக்கு அப்புறம் அந்தக் கை தொட்ட முதல் பொருள் அது. அதை அவள் வைத்திருந்தது ஒரு நிமிசம்கூட இருக்காது. நல்லதம்பி வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்து, வண்டியைக் கிளப்பிவிட்டான்.

"போலீஸ் கேட்டா?" என்று கத்தினாள் செவந்தி.

"மோட்டாருன்னு சொல்லுவேன்!"

சந்தடி அடங்கியதும் ஆத்மநாதன் வேலிப் பக்கம் திரும்பினார். "இன்னாசியம்மா, ஒங்களுக்கும் பணம் ஏறிக் கெடக்கே. ரெண்டு நடையா நான் கூப்பிட்டும் வரல. வாங்க, வைங்க."

"எனக்கு எதுக்குய்யா அதெல்லாம்."

"வைங்கக்கா" என்று செவந்தி வேலிப் படலைத் திறந்தாள்.

இன்னாசியம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பத்து விரலையும் வரிசையாக வைத்தாள். பத்தும் 'கீ' என்றன. கடைசிச் சுண்டு விரலை எடுக்கும்போது அவளே சிரித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். மெசேஜ் வந்த அன்னிக்கே வெளிச்சத்துல பாத்தேன். நாப்பது வருசம் கூலிக்கு ஒடைச்ச கை. ரேகை போயி ரேகை போட்ட எடமும் போச்சு."

"அப்படியில்ல. செவந்திக்கு வரலையா? செவ்வாக்கெழம திரும்ப வாரேன். அதுவரைக்கும் கைய சும்மா வைங்க."

"எங்க வைக்க?" என்றாள் இன்னாசியம்மாள். "மவன் அங்க ரூம்ல அடைஞ்சு கெடக்கான், ரெண்டு மாசமா சம்பளம் இல்ல. நான் கைய மடக்குனா அன்னிக்கே அடுப்பும் மடங்கிரும். இவளுக்குப் புருசன் இருக்கான், ஊட்டுனான். எனக்கு எவன் ஊட்டுவான்?"

கேலியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலையில் அதே ஆறு பேர் வந்து மோட்டாரை இறக்கினார்கள். நிலவழகனும் வந்திருந்தான். இரண்டு நாளாகத் தூங்காத கண். ஸ்டார்ட்டரில் கை வைத்தவன் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான்.

"வரலைன்னா யாரும் அடிக்கக் கூடாது."

பொத்தானை அமுக்கினான். குழாய் இருமியது. காற்று வந்தது. துரு வந்தது. பிறகு செக்கச்செவேலென்று சேறு கக்கியது. பிறகு ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர் பாய்ந்து வந்து தொட்டியில் விழுந்தது. ஆறு பேரும் விசிலடித்தார்கள். பிரகதி அதில் முகத்தை நீட்டினாள்.

செவந்தி மம்பட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலோடு ஓடினாள். தண்ணீர் நாக்கை நீட்டி நீட்டி மண்ணை நக்கிக்கொண்டு முன்னால் போனது. முதல் பாத்தியின் மடையை வெட்டிவிட்டாள். வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் சொர சொரவென்று கேட்டது. நல்லதம்பி ஒரு செடியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இளகின மண்ணில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் மொத்தமும் இறங்கியது. அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினான், சேறு சொட்டச் சொட்ட. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் பாத்தி நிறைந்தபோது மத்தியானமாகிவிட்டது. பிரகதி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். செவந்தி மம்பட்டியை வரப்பில் சாத்தி, ஓடுகிற தண்ணீரில் முழங்கை வரை அலசினாள். மடையை நல்லதம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு நேரே வேலிப் படலைத் திறந்து அந்தப்பக்கம் போனாள்.

இன்னாசியம்மாள் சாக்கில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். செவந்தி அவள் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கிக் கொட்டைக் கூடையைக் காலால் தள்ளினாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"நான் ஒடைக்கிறேன். ஒங்க கொட்டையும் எங் கொட்டையும் சேத்து நான் ஒடைக்கிறேன். எனக்கு இனி ரேகைக்கு வேல இல்ல. பிரகதி எண்ணெ கொண்டாருவா. கைய நீட்டுங்க."

"போடி பைத்தியக்காரி. ஒனக்குக் கொல்லையில தண்ணி பாயுது. இங்க வந்து—"

"அது பாயும். வாயத் தொறங்க."

செவந்தி சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து நீட்டிக்கொண்டு நின்றாள். இன்னாசியம்மாள் அவளைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள், வேலிக்கு அப்பால் வெயிலில் மின்னுகிற பாத்திகளைப் பார்த்தாள். கறுத்த கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

மென்று முழுங்க நேரம் பிடித்தது. கண்ணில் தண்ணி நின்றது. செவந்தி அடுத்த உருண்டையை அவசரமாக நீட்டினாள்.

"மெதுவாடி" என்றாள் இன்னாசியம்மாள், வாய் நிறையச் சோற்றோடு. "செவ்வாக்கெழமைக்கு இன்னும் நாளு கெடக்கு."